கேழ்வரகுக் களி

கேழ்வரகுக் களி என்பது கேழ்வரகு மாவை நீரில் வேகவைத்துக் கிண்டிச் செய்யப்படும் திண்மையான உணவு ஆகும். இது சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் மரபுவழி உணவுகளுள் ஒன்று. இதனை ராகிக் களி என்றும் அழைப்பர். கருநாடகத்தில் ராகி முத்தே என்றும், ஆந்திரத்தின் இராயலசீமையில் ராகி சங்கடி என்றும் வழங்கும் உணவுகள் இதை ஒத்தவை.

செய்முறை

கொதிக்கும் நீரில் அரிசி நொய்யை இட்டு வேகவைப்பர். நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் சிறிது நேரம் வேகவிடுவர். பின்னர் மரத்துடுப்பால் கட்டி விழாமல் விடாது கிண்டுவர். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத நிலையே சரியான பதம். சூட்டோடு உருண்டைகளாக உருட்டுவர்.

கேழ்வரகில் பசையம் இல்லை. எனவே கோதுமை மாவைப் போல இதனை இழுத்து, உப்பவைத்து ரொட்டி செய்ய இயலாது. களியாகக் கிண்டுவதும், கையால் தட்டி அடையாகச் சுடுவதும் இதனாலேயே பொருத்தமான முறைகளாக உள்ளன.

உண்ணும் முறை

உருண்டையின் நடுவே குழி செய்து குழம்பு ஊற்றுவர். கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு முதலியன ஏற்ற துணை உணவுகள். களியை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவதே வழக்கம். எஞ்சிய களியை நீரில் ஊறவைத்து, மறுநாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பர்.

சமூக நிலை

மழை குறைந்த மேட்டு நிலங்களில் நெல்லை விடக் கேழ்வரகு எளிதாக விளைந்ததால், களி உழவர்களின் அன்றாட உணவாயிற்று. அரிசிச்சோறு திருவிழா நாள்களுக்கு உரியதாக இருந்தது. நியாய விலைக் கடைகள் வழியாக அரிசி எளிதில் கிடைக்கத் தொடங்கியபின் களியின் இடம் சுருங்கியது. அது ஏழைகளின் உணவு என்ற எண்ணமும் வலுப்பட்டது. சிறைத்தண்டனையைக் 'களி தின்பது' எனக் குறிக்கும் பேச்சு வழக்கு இன்றும் உண்டு. எனினும் ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கும் வழக்கம் நிலைத்துள்ளது.

எளியோர் உணவு பின்னாளில் மரபின் அடையாளமாவது பிற நாடுகளிலும் காணப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் எளிய வீடுகளில் பரவிய சோடா ரொட்டி இதற்கு எடுத்துக்காட்டு.

இன்றைய நிலை

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. இது அரிசியில் உள்ளதைப் போலப் பல மடங்கு ஆகும். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில், அரிசியில் 2 கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. ஒருகாலத்தில் வறுமையின் அடையாளமாக இருந்த களி, தற்போது உணவகங்களிலும் பரிமாறப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

கேழ்வரகு
கம்பங்கூழ்
கொல்லிமலை