ஸ்பேனர் பிடித்த கை மட்டும் போதாது

சாதாரணக் கார் வழியில் நின்றுவிட்டால் பயணம் தடைப்படும், அவ்வளவுதான். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு பஸ் பிடித்து வீடு போய்ச் சேரலாம். மோட்டார் ஹோம் நின்றால் வீடே நின்றுவிடுகிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் அதற்குள்தான். அதனால்தான் சக்கரத்தின் மேல் குடியிருக்கத் துணிந்தவர்களின் வரலாற்றில் பழுதுபார்த்தலுக்குப் பெரிய இடம் உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. அதைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரே பல்லவியைப் பாடுவார்கள்: அந்தக் காலத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள், எதையும் தாங்களே கழற்றி மாட்டினார்கள், இந்தக் காலத்தவர்களுக்குக் கையில் கிரீஸ் படக்கூடாது. இதில் பாதி உண்மைகூட இல்லை. நடுவழியில் வண்டியைச் சரிசெய்யும் திறமை எந்தக் காலத்திலும் தனி ஆளின் சாமர்த்தியமாக மட்டும் இருந்ததில்லை. திறந்து பார்க்கும்படி செய்யப்பட்ட இயந்திரம், எளிதில் கிடைக்கும் உதிரிபாகம், புரியும் மொழியில் ஒரு கையேடு, பக்கத்தில் கூடாரம் போட்டிருக்கும் சக பயணி ஆகிய நான்கும் சேர்ந்த பொதுச் சொத்து அது. இந்த நான்கும் இருந்தபோது குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும்கூட மெக்கானிக் ஆனார்கள். இவை குறைந்தபோது கைத்திறன் உள்ளவர்களும் இழுவை வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

முதல் சாட்சி, ஃபோர்டின் மாடல் டி. 1908இல் வந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற வண்டி. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அதில் பெட்ரோல் பம்பு கிடையாது. சீட்டுக்கு அடியில் இருந்த டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி இன்ஜினுக்கு வரும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் இன்ஜின் நின்றுவிடும். ஓட்டுபவர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றுவார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு குச்சி போதும். ஆயில் பார்க்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். அங்கே மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்கள் இருக்கும். மேல் குழாயைத் திறந்தால் ஆயில் வருகிறதா, போதும். கீழ்க் குழாயிலும் வரவில்லையா, இன்ஜினுக்கு ஆபத்து. ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் அது எது என்று கண்டுபிடிப்பதும் இப்படித்தான். ஓட்டுபவருக்கு எதிரே மரப்பெட்டியில் நான்கு காயில்கள் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் துடிக்கும் தகட்டையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எதை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. நிறுவனம் கொடுத்த கையேடோ கேள்வி பதில் வடிவில் இருந்தது. வண்டி தன் நோயைத் தானே சொல்லும்படி அமைந்திருந்தது. கேட்கும் முறையைக் கையேடு கற்றுக்கொடுத்தது.

இந்த மாடல் டி சேஸிஸ் மேல்தான் ஆயிரக்கணக்கானோர் பலகை அடித்து வீடு கட்டிக்கொண்டார்கள். மதுவிலக்கு நடப்பில் இருந்த 1921இல் அன்ஹாய்சர்-புஷ் பீர் நிறுவனமே ‘லாம்ஸ்டீட் காம்ப்கார்’ என்ற பெயரில் மாடல் டி-க்குப் பொருத்தும் கூண்டு ஒன்றைச் செய்து விற்றது. வீடு எளிமையாக இருந்தாலும் சாலை எளிதாக இல்லை. 1919இல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு வாகன அணியை அனுப்பியது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசன்ஹோவரும் இளம் அதிகாரியாக அதில் போனார். நடமாடும் பட்டறை வண்டிகளும் கூடவே சென்றும் நாட்டைக் கடக்க 62 நாள் ஆனது. அதே 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், டி சோட்டோ பூங்காவில் கூடிய காம்ப் பயணிகள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த தகர டப்பாதான் அதன் அடையாளம். சாலையில் அந்த டப்பாவைப் பார்த்தவர் வண்டியை நிறுத்தி உதவ வேண்டும் என்பது சங்கத்தார் காத்த முறை. ராணுவத்திடம் பட்டறை வண்டி இருந்தது. இவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். 1920களில் ஊருக்கு ஊர் நகராட்சிகள் திறந்த காம்ப் மைதானங்களில் மாலையானால் வண்டிகள் வரிசையாக நிற்கும். டியூபுக்கு ஒட்டுப் போடுவதையும் ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வதையும் ஒருவர் செய்வதைப் பார்த்தே அடுத்தவர் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது. உதிரிபாகமும் அரிதாக இல்லை. சிறு ஊர்க் கடைகளிலும், சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தபால்வழி விற்பனைப் பட்டியலிலும் மாடல் டி-க்கான சாமான்கள் நிறையவே கிடைத்தன.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். அந்த வண்டிகள் அடிக்கடி கெட்டுப்போயின, வேறு வழியில்லாமல் மக்கள் கற்றுக்கொண்டார்கள், இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கெட்டுப்போனது உண்மைதான். பஞ்சர் அன்றாட வேலையாக இருந்தது. ஸ்பார்க் லீவரைச் சரியாக வைக்காமல் ஹாண்டில் போட்டால் அது திருப்பி அடித்துக் கையை முறித்தது. அந்தக் கஷ்டத்தை யாரும் திரும்ப விரும்ப வேண்டாம். ஆனால் தேவை வந்துவிட்டால் திறமை தானாக வந்துவிடும் என்றால், இன்று மழையில் மின்சாரம் இல்லாமல் இருட்டில் நிற்கும் மோட்டார் ஹோம்காரருக்கும் அது வந்திருக்க வேண்டுமே? அவருக்கும் தேவை அதே அளவு இருக்கிறது. அவரிடம் இல்லாதது மற்ற நான்கும்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. அந்தக் காம்ப் மைதானத் தோழமை எல்லோருக்கும் கிடைத்ததா? கிடைக்கவில்லை. நிறப் பாகுபாடு சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்த நாட்டில் கறுப்பின மக்களுக்குப் பல காம்ப்களிலும் விடுதிகளிலும் கராஜ்களிலும் இடமில்லை. அவர்களுக்கு இரவில் அந்நிய ஊரில் வண்டி நின்றுபோவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதற்காகத்தான் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால் ஊழியர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் ‘கிரீன் புக்’ என்ற வழிகாட்டியைத் தொடங்கினார். 1960களின் நடுப்பகுதிவரை அது வெளிவந்தது. தங்கும் இடங்களோடு, கறுப்பினப் பயணிகளை மதித்து வேலை செய்து தரும் கராஜ்களும் பெட்ரோல் நிலையங்களும் அதில் ஊர்வாரியாக இருந்தன. பொற்காலம் என்று சொல்லி இந்த அநீதியை மூடிவிட முடியாது. அதே சமயம், இந்தப் புத்தகத்தைவிட என் வாதத்துக்கு வலுவான சான்று வேறில்லை. பொதுச் சொத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்கள் தனி ஆள் சாமர்த்தியத்தை நம்பி இருந்துவிடவில்லை. தங்களுக்கான பொதுச் சொத்தைத் தாங்களே அச்சிட்டு உருவாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது சாட்சி ஜெர்மனியிலிருந்து வந்தது. டச்சு இறக்குமதியாளர் பென் பான் 1947இல் நோட்டில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்த ஃபோக்ஸ்வாகன் வேன் 1950இல் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தியது. பின்பக்கத்தில் இருந்த இன்ஜின் காற்றால் குளிரக்கூடியது. ரேடியேட்டர், தண்ணீர் என்ற தலைவலியே இல்லை. நான்கு போல்ட்டைக் கழற்றி, ஜாக்கி வைத்து இன்ஜினைக் கீழே இறக்கிவிடலாம். பீட்டில் காரில் இருந்த அதே இன்ஜின் என்பதால் உலகம் முழுக்க உதிரிபாகம் கிடைத்தது. 1972இல் மாடல் டி-யின் உற்பத்திச் சாதனையை முறியடித்ததும் அந்த பீட்டில்தான். இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் வழியாக டெல்லிக்கும் காட்மாண்டுவுக்கும் தரைவழியே வந்த இளைஞர்கள் பலரின் வண்டி இதுவாக இருந்தது. 1969இல் ஜான் மியூர் என்ற முன்னாள் இன்ஜினியர் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் இந்த வண்டிகளுக்காக ஒரு பழுதுபார்ப்புப் புத்தகம் வெளியிட்டார். ஸ்பேனரைத் தொட்டே பார்க்காதவருக்காக, பீட்டர் ஆஷ்வாண்டனின் படங்களோடு, படிப்படியாக எழுதியது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.15 மில்லிமீட்டருக்குச் சரிசெய்வதை 3,000 மைலுக்கு ஒருமுறை தவறாமல் செய்ய வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மீது தனிக் கவனம் வேண்டும். அந்த இன்ஜின்களில் ஆயில் கூலர் காற்றின் பாதையை மறைத்ததால் அந்தச் சிலிண்டர் மட்டும் அதிகமாகச் சூடாகும். இப்படிக் காரணத்தோடு சொல்லித்தந்தால் கல்லூரி மாணவரும் செய்துவிடுவார், செய்தார்கள். மாடல் டி காலத்து ஆட்கள் தனிப் பிறவிகள் என்ற வாதம் இங்கே உடைந்துவிடுகிறது. நாற்பது ஆண்டு கழித்து, முற்றிலும் வேறு தலைமுறை, அதே நான்கும் கிடைத்தவுடன் அதே திறமையைக் காட்டியது.

மாற்றம் வந்தது வீட்டுப் பக்கத்திலிருந்து. 1966இல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் அசெம்பிளி லைனில் மோட்டார் ஹோம் செய்யத் தொடங்கியதும் விலை குறைந்தது. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கின. கூடாரமும் ஸ்டவ்வும் இருந்த இடத்தில் 12 வோல்ட் வயரிங், 120 வோல்ட் வயரிங், காஸ் குழாய், தண்ணீர் பம்பு, ஹீட்டர், கழிவு நீர்த் தொட்டி எல்லாம் வந்தன. சேஸிஸ் ஒரு நிறுவனம், கூண்டு இன்னொன்று, ஃப்ரிட்ஜ் மூன்றாவது, ஹீட்டர் நான்காவது. முழு வண்டியையும் அறிந்தவர் என்று யாரும் இல்லாமல் போயிற்று. வயர்கள் அழகான பலகைகளுக்குப் பின்னால் மறைந்தன. ஃப்ரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் ஸ்டாக்ஹோம் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டனும் கார்ல் முன்டர்சும் கண்டுபிடித்த முறையில் ஓடுவது அது. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய குழாய்களில் சுற்றிவரும். சிறு காஸ் சுடரே குளிரை உண்டாக்கும். சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் திரவம் தானாக வழிந்து இறங்கியாக வேண்டும். வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஃப்ரிட்ஜை ஓடவிட்டால் ஓட்டம் தடைப்பட்டு, கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகி, குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு அதை மாற்றத்தான் வேண்டும். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று வைத்துப் பார்த்திருந்தால் போதும். இந்தக் காரணத்தைச் சொல்லித்தராமல் பொத்தானை மட்டும் காட்டிக் கொடுத்த வண்டியில், பழி உரிமையாளரின் சோம்பல் மேல் விழுகிறது.

எலக்ட்ரானிக்ஸ்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சொல்பவர்களும் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களிலும் இலகு ரக வண்டிகளிலும் ஓபிடி-2 என்ற பொதுவான சோதனை இணைப்பு இருக்க வேண்டும் என்று விதி வந்தது. விலை குறைந்த ஒரு ரீடரைச் செருகினால் இன்ஜின் என்ன குறை சொல்கிறது என்று யாரும் படிக்கலாம். மாடல் டி-யின் காயிலை விரலால் அழுத்திப் பார்த்ததன் வேறு வடிவம்தான் இது. 2012இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்துக்கு வாக்காளர்கள் பெரும் ஆதரவு கொடுத்ததும் இதே நம்பிக்கையில்தான். திறந்து வைத்தால் கம்ப்யூட்டரும் பேசும். மூடி வைத்தால் சாதாரண ஃப்யூஸ் பெட்டியும் ஊமையாகிவிடும்.

கடைசி மறுப்பு பாதுகாப்பு பற்றியது. காஸ் கசிந்தால் வெடிக்கும், கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும், இதையெல்லாம் பழக்கமில்லாதவர் தொடலாமா? தொடக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை; காஸ் வேலை பயிற்சி பெற்றவர் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் சரிசெய்வது வேறு, கோளாறு எங்கே என்று அறிவது வேறு. காஸ் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பதும், நுரை கொப்பளித்தால் சிலிண்டரை மூடிவிட்டு வெளியேறுவதும் அறிந்தவர், அறியாதவரைவிடப் பாதுகாப்பானவர். தண்ணீர் பம்பு ஓடவில்லையென்றால் முதலில் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறதா, பிறகு ஃப்யூஸ், பிறகு எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பதில் ஆபத்து ஏதுமில்லை. பல சமயம் கோளாறும் அங்கேயே கிடைத்துவிடும். இன்றைய இன்ஜின்கள் அசாத்திய உழைப்பாளிகள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் எவ்வளவு நம்பகமானாலும், அதன் மேல் இருக்கும் வீடு ஒவ்வொரு கிலோமீட்டரும் குலுங்குகிறது. கூரை மூட்டுகளில் பூசிய சீலன்ட் வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கி, மரச்சட்டம் வெளியே தெரியாமல் உளுத்துப்போகிறது. ஆண்டுக்கு இருமுறை கூரையில் ஏறிப் பார்க்கும் கண்ணுக்கு ஈடான கருவி அதற்கு இன்னும் வரவில்லை.

மோட்டார் ஹோம் தரும் சுதந்திரம் அதைச் சரிசெய்ய முடிகிற அளவுக்குத்தான் நீளும் என்பது இந்த நூற்றாண்டுக் கதையின் தீர்ப்பு. அந்தத் திறனை உரிமையாளரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. செய்பவர், விற்பவர், சட்டம் எழுதுபவர், முன்னே போன பயணி எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டியது அது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. வேன்களை வீடாக மாற்றும் ஆசை நம் பக்கமும் பரவுகிறது. வண்டி கட்டக் கொடுப்பவர்கள் திரைச்சீலையின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நான்கு கேள்வி கேளுங்கள்: வயரிங் வரைபடம் தருவீர்களா, குழாயும் ஃப்யூஸும் கை நுழையும் இடத்தில் இருக்கின்றனவா, உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்குமா, கையேடு தமிழில் உண்டா? இந்த நான்குக்கும் ஆம் என்று சொல்பவரிடம் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.