ஒரு காளான், மூணு பேர்

ஜீவனஹள்ளிக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எங்க தெருமுனையில் வெட்டின மரத்தோட அடிக்கட்டை ஒண்ணு இருக்கு. போன வாரம் அதுல செம்பழுப்பா, வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளன்னு ஒரு தட்டு முளைச்சிருந்தது. கூட வாக்கிங் வர்ற துமகூருக்காரர் பார்த்ததும் சொன்னார்: "அணபெ சார். தென்னையில வந்தா அணபெ ரோகா. மரம் போச்சுன்னு அர்த்தம்."

அணபென்னா கன்னடத்தில் காளான். எனக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கப்பா பதினேழு தென்னையைப் பறிகொடுத்தது இதே நோய்லதான். ஆனா அங்கே அதுக்குப் பேர் தஞ்சாவூர் வாடல்.

(காமர்ஸ் படிச்சவனுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேக்காதீங்க. ஒரே ஆள் மூணு பேர்ல கணக்கு வெச்சிருந்தா துருவிப் பார்க்கறதுதான் வங்கிக்காரன் பொழைப்பு :-) )

மூணாவது பேர் லத்தீன்ல இருக்கு. 1781ல் வில்லியம் கர்ட்டிஸ்ங்கிற இங்கிலாந்துக்காரர் லண்டன் பக்கம் கிடைச்ச பளபளப்பான காளானுக்கு பொலீட்டஸ் லூசிடஸ்னு பேர் வெச்சார். சரியா நூறு வருஷம் கழிச்சு, 1881ல், பின்லாந்தின் கார்ஸ்டன் அதைத் தனிப் பேரினமாக்கி கனோடெர்மான்னார். பளபளக்கும் தோல்னு அர்த்தம். மரத்துக்கு உறுதி தர்ற லிக்னினையே சிதைக்கிற கூட்டம் இது.

அப்புறம் உலகத்தில் எங்கே பளபளன்னு கண்டாலும் லூசிடம்னே எழுதிட்டாங்க. மரபணுவைப் பார்க்க ஆரம்பிச்ச பிறகுதான் பல இனங்கள் ஒரே பேர்ல ஒளிஞ்சிருந்தது தெரிஞ்சது. சீனாவில் மருந்துக்காக வளர்க்கிற காளானை 2012ல் கனோடெர்மா லிங்சின்னு தனியாப் பிரிச்சாங்க.

நம்ம பக்கம் 1900களின் தொடக்கத்திலேயே பட்லர்ங்கிற பூஞ்சை அறிஞர் மைசூர் சீமையில் இந்த நோயை ஆராய்ஞ்சிருக்கார். தஞ்சை மாவட்டத்தில் இது பெரிசாத் தெரிஞ்சது 1952 புயலுக்கு அப்புறம். அதனால ஊர்ப்பேரே நோய்க்கு ஒட்டிக்கிச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கன்னட விவசாயி காரணத்தைப் பேராக்கினார். நாம விளைவைப் பேராக்கினோம். "வாடல்"னு கேட்டா என்ன தோணும்? தண்ணி போதலைன்னுதான். அப்பாவும் வாய்க்காலைத் திறந்து தோப்பு முழுக்கப் பாய்ச்சினார். நோய் வந்த மரத்தடியில் ஓடற தண்ணி, கிருமியை அடுத்த மரத்துக்கும் கொண்டுபோகும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியறப்பவே மரத்தைச் சுத்தி அகழி வெட்டணும். வருஷம் மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடணும். பட்ட மரத்தை வேரோட தோண்டி எரிக்கணும். காளான் கண்ணுக்குத் தெரியறப்போ பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

2018 கஜா புயல்ல முறிஞ்ச மரங்களோட அடிக்கட்டைகள் எங்க தோப்புல இன்னும் கிடக்கு. செத்த கட்டையிலும் இது உயிரோட இருக்கும்.

ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணினேன். பொக்லைனுக்குப் பணம் அனுப்பறேன், கட்டை எல்லாத்தையும் தோண்டிடுங்கன்னேன். "அதுல என்னடா இருக்கு?"ன்னார். "காளான்பா"ன்னேன்.

தண்ணி பாய்ச்சின கதையை மட்டும் சொல்லலை. எழுபத்தெட்டு வயசு அவருக்கு.

உங்க ஊர்த் தோப்புலயும் பழைய கட்டை கிடந்தா, இந்த வாரமே ஒரு போன் போடுங்க.