கனவானாக வாழ்ந்த வைத்தியர்: டபிள்யூ. ஜீ. கிறேஸ்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிரிக்கெற் மைதானத்துக்குப் பல இடங்களில் இரு வாயில்கள் இருந்தன. ஊதியம் பெற்று ஆடுவோர் ‘ஆட்டக்காரர்’ எனப்பட்டனர். பெறாது ஆடுவோர் ‘கனவான்கள்’. டபிள்யூ. ஜீ. கிறேஸ் (1848–1915) கனவான்களின் வாயிலால் நுழைந்தவர். அவ்வுரிமையை அவருக்கு அளித்தது துடுப்பன்று. குடும்பத் தொழிலான வைத்தியமே எனலாம்.

பிறிஸ்ரல் நகரையடுத்த டவுண்எண்டில் பிறந்த கிறேஸின் தந்தையார் ஒரு வைத்தியர். தமையன்மார் மூவரும் அவ்வாறே. 1868இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர் 1879இலேயே தகுதி பெற்றார். இப்பதினொரு ஆண்டு காலத்தாமதத்துக்கு அவரது மதிநுட்பக் குறைவு காரணமன்று. 1876 ஓகஸ்ற் மாதத்தில், அடுத்தடுத்த மூன்று இனிங்ஸ்களில் 344, 177, ஆட்டமிழக்காமல் 318 என ஓட்டங்கள் குவித்த ஒருவருக்குப் பாடநூலை விரிக்க நேரம் ஏது?

ஊதியம் பெறாதவர் என்ற கூற்று ஈண்டு ஆராயற்பாலது. 1873–74 அவுஸ்திரேலியப் பயணத்துக்குச் செலவு நீங்கலாக அவர் பெற்றது 1,500 பவுண். அதே அணியின் தொழின்முறை ஆட்டக்காரர் பெற்றதோ அதிற் சிறு பங்கே. 1879இல் வைத்திய நிலையம் அமைப்பதற்கென ரசிகர் திரட்டிய நிதி அவருக்கு வழங்கப்பட்டது. 1895இல் திரண்ட நிதி 9,000 பவுணையும் விஞ்சியது. ஆட்டத்தால் அவரளவு பொருளீட்டிய ‘ஆட்டக்காரர்’ அக்காலத்தில் எவருமிலர். எனினும் பணம் ‘சன்மானம்’, ‘செலவு’ என்னும் பெயர்களால் வந்தமையால் கனவான் என்ற தகுதி குன்றவில்லை. ஒரே செயலுக்கு வர்க்கத்துக்கேற்ப இருவேறு பெயர் சூட்டிய சமுதாயம் அது.

ஆயினும் அவரது வைத்தியத்தை வெறும் போர்வை எனத் தள்ளுதல் நேர்மையாகாது. பிறிஸ்ரலில் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த ஸ்ரேப்பிள்ரன் வீதிப் பகுதியில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் வைத்தியம் புரிந்தார். வறியோர் நலச் சட்டத்தின் கீழான வைத்தியராகவும் பணியாற்றினார். கோடையில் அவருக்குப் பதிலாக வேறொரு வைத்தியர் கடமையாற்றுவார். 1887இல் மான்செஸ்ரரில், பந்தைத் துரத்திச் சென்ற குறூம் என்னும் சக வீரரின் கழுத்தை வேலிக் கம்பி கிழித்தது. தையலுக்கு ஊசி வரும்வரை காயத்தின் விளிம்புகளைத் தம் விரல்களாற் பொருத்திப் பிடித்திருந்தவர் கிறேஸே. குறூம் உயிர் பிழைத்தார்.

கனவான், ஆட்டக்காரர் என்னும் பாகுபாட்டை ஒழிக்கும் முடிவு 1962இலேயே எடுக்கப்பட்டது. அதுவரை ஆட்டப் பதிவு அட்டைகளில் கனவான்களின் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும், ஏனையோரது பெயருக்குப் பின்னுமாக அச்சிடப்படுவது வழக்கம்.