தாப்பாவில் தமிழ் நூல்: தாளும் திரையும்

தாப்பா, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகர். கேமரன் மலைக்கு ஏறும் பழைய சடக்கு (சாலை) இங்கிருந்து தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஊரைச் சூழ்ந்திருந்த கித்தா (ரப்பர்) தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடுகள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பகுதி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் ஈப்போ, கோலாலம்பூர் போன்ற நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டது. இவ்வூர்த் தமிழ் வாசகர் அச்சு நூலையும் மின்னூல் படிப்பானையும் எடைபோடும்போது எழும் கேள்விகளை இக்கட்டுரை கூறும். உலகெங்கும் கேட்கப்படும் ‘எது கண்ணுக்கு நல்லது, எது மணக்கும்’ என்ற கேள்விகள் இங்கு இரண்டாம் நிலைதான். எந்தத் தமிழ்ப் புத்தகம் எந்த வடிவில் கிடைக்கிறது என்பதே முதற்கேள்வி.

கருவி

பேச்சு வழக்கில் ‘கிண்டில்’ என்றாலே மின்னூல் படிப்பான் என்றாகிவிட்டது. அது அமேசான் நிறுவனம் 2007 நவம்பரில் வெளியிட்ட கருவியின் பெயர். கோபோ, பூக்ஸ் முதலிய வேறு வகைகளும் உண்டு. இவற்றின் திரை கைப்பேசித் திரை போன்றதன்று. மயிரிழை அளவுக் குமிழிகளுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்னூட்டம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தி எழுத்தாக்குகிறது. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் செலவாகும். ஆகவே ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் ஓடும். நடுப்பகல் வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். 6 அங்குலக் கருவியொன்றின் எடை சுமார் 160 முதல் 210 கிராம். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் படுத்துக்கொண்டு படித்தவரின் மணிக்கட்டுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதே வயதான வாசகருக்குக் கிடைக்கும் பெரிய வசதி. தமிழில் அதற்கொரு விலை உண்டு. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. 6 அங்குலத் திரையில் எழுத்தைப் பெருக்கினால் ஒரு வரியில் மூன்று நான்கு சொல்தான் நிற்கும். இருபுறமும் நேர்செய்த பத்தி ஓட்டைப் பல்லாக இளிக்கும்.

தமிழ் திரையேறிய கதை

தமிழ் திரையேறிய கதையில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு என்ற தமிழ் எழுதும் மென்பொருள்தான் பின்னர் முரசு அஞ்சல் ஆனது. ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவும், 2005இல் கைப்பேசிக்கு வந்த செல்லினம் செயலியும் அவருடையவையே. 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான்.

நூல்களை ஏற்றும் வேலையை 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் கையில் எடுத்தது. சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சங்க நூல்கள் முதல் இக்கால நாவல்கள் வரை இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். மலேசிய எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ நாவலும் அங்கே உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இந்த முயற்சிக்குப் பெருந்தீனியாயின. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் ஒவ்வொரு நூலையும் பல வடிவங்களில் தந்தது. அவற்றில் ஒன்று ‘6 அங்குல பிடிஎஃப்’. பழைய கிண்டில்களுக்குத் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாததால், திரையளவுக்கே பக்கம் கட்டி எழுத்துருவையும் உள்ளே பொதிந்து கொடுத்த கைவைத்தியம் அது. அமேசான் தன் கிண்டில் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்தது 2016 டிசம்பரில்தான்.

வாங்குவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தட்டச்சு செய்யப்பட்ட இபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவக் கோப்பு திரைக்கேற்ப ஒழுகி அமரும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ இலங்கையின் நூலகம் தளத்திலோ உள்ள பழைய நூல்களில் பல, பக்கம் பக்கமாக எடுத்த படங்கள். அவை 6 அங்குலத் திரையில் எறும்பு ஊர்ந்த தடமாகத் தெரியும். அரிய பழைய நூல்களைத் தேடுபவர் 10 அங்குலக் கருவியையோ டேப்லெட்டையோ நாடுவதே நல்லது.

தாளின் பக்கம்

தீபகற்பத் தாழ்நிலத்தில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். தாப்பா மலையடிவார ஊர், மழைக்குக் குறைவில்லை. மூடிவைத்த அலமாரியில் தாள் பழுப்பேறிப் பூசணம் பிடிக்கும். மிச்சத்தை இராமபாணப் பூச்சியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். மின்னூல் கருவிக்கும் இவ்வூர் வெக்கை ஆகாது. வெயிலில் நிறுத்திய காரில் மறந்துவைத்தால் மின்கலம் சீக்கிரம் கிழடாகிவிடும்.

தாளுக்கு வலுவான வாதம் உடைமை. மின்னூலுக்குப் பணம் கட்டுபவர் வாங்குவது படிக்கும் உரிமத்தை மட்டுமே. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நூற்பிரதிகளை அமேசான் வாசகர்களின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. கண்காணிப்பு அரசைப் பற்றிய நாவலுக்கே அது நேர்ந்ததை எழுதாமல் விட மனம் வரவில்லை. கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி மாற்றும் வசதியும் 2025 பிப்ரவரியோடு நின்றது. இலவசத் தளங்களின் கோப்புகளுக்கு இந்தக் கட்டு இல்லை.

மலேசியாவில் தமிழ் நூல் பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தச் செலவில் சில நூறு படிகளாக அச்சாகி, வெளியீட்டு விழாவில் விற்பனையாகிறது. முதல் நூலைப் பெறும் பிரமுகர் அட்டையில் போட்ட விலையைப் பார்ப்பதில்லை. உறையில் வைத்துக் கொடுக்கும் வெள்ளிதான் (ரிங்கிட்) அச்சகக் கடனை அடைக்கிறது. மின்னூலுக்குப் பொன்னாடை போர்த்த முடியாது, அதை மேடையில் கைமாற்றிப் படம் பிடிக்கவும் முடியாது. இந்நாட்டுத் தமிழ் நூல்கள் திரைக்கு வரத் தயங்குவதற்கு, தொழில்நுட்பத்தைவிட இந்த விழாப் பொருளாதாரமே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

இதழ்களும் நாளேடுகளும் வேறு வழியில் போயின. 2007இல் அச்சிதழாகத் தொடங்கிய ‘வல்லினம்’ 2009இல் இணைய இதழாக மாறியது. 1924இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ நாளேடு 2019 தொடக்கத்தில் நின்றேபோனது.

மலேசிய வருமான வரிச் சட்டம் தாளா திரையா என்ற இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லாமல் நழுவிவிட்டது. 2017 மதிப்பீட்டாண்டு முதல் ‘வாழ்க்கைமுறை’ விலக்கு என்ற பெயரில் நூல், இதழ், கணினி, திறன்பேசி, டேப்லெட், இணையச் சந்தா எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,500 ரிங்கிட் வரம்பு. புதுக் கைப்பேசி ஒன்று வாங்கிய ஆண்டில் புத்தகத்துக்கு அதில் என்ன மிஞ்சும்?

தோட்டத்து நூல்கள்

தமிழ்நாட்டு நாவலும் செவ்வியல் நூலும் வேண்டுபவருக்குத் தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ கடை தேடிப் போவதைவிடக் கருவியே சிக்கனம். தம் பாட்டனாரின் வாழ்வைப் படிக்க விரும்புபவருக்கு நிலைமை தலைகீழ். ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர்கள் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் எழுதிய நாவல்கள் முதலில் தாளில் வந்தவை. அவ்வகை நூல்களை இன்றும் பழைய படிகளாகத் தேடுபவர்களே மிகுதி. மாறாக, சிங்கப்பூர்த் தமிழர்கள் 1965 முதலான தம் ஐம்பதாண்டு இலக்கியத்தை ஒரேயடியாக மின்னாக்கி 2015இல் தம் நாட்டுத் தேசிய நூலகத்தில் வைத்தார்கள்.

1986ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி மலேசியாவில் அச்சாகும் நூலில் ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர், மாரியம்மன் கோயில் குடமுழுக்கு மலர், சங்கத்தின் வெள்ளிவிழா மலர் ஆகியவற்றில் எத்தனை இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் என்பது ஐயமே. தோட்டத்தின் கங்காணி (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), பள்ளியின் முதல் தலைமையாசிரியர் ஆகியோரின் பெயரும் படமும் அவற்றில்தான் இருக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு லயம் இடிந்த பிறகு வேறு சான்று கிடைப்பது அரிது. அப்படி ஒரு மலரை வீட்டிலேயே மின்வடிவாக்க விரும்புபவர் அதன் முதுகை உடைத்து விரிக்கக்கூடாது. தொண்ணூறு பாகைக்குத் திறந்து, தலையணை ஒன்றில் சாய்த்து, முதலில் வலப்பக்கங்களை மட்டும், பிறகு இடப்பக்கங்களை மட்டும் சன்னல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படமெடுத்தால் தையல் பிரியாது, நிழலும் விழாது.