அக்கிக்கிக்கி

அக்கிக்கிக்கி என்பது பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுக்கூட்டத்தில், கவாய் என்னும் தீவில் மட்டும் வாழ்ந்துவந்த சிறு பாடும் பக்ஷி. மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் வெண்மை, இளஞ்சிவப்புக் கால்கள், கட்டை வால். எடை பதினைந்து கிராம் அளவே. ஆசியாக் கண்டத்திலிருந்து ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே வந்தடைந்த ஒரு குருவியின் சந்ததி ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளைத்த தேன்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. உறவினங்களுட் பல சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூந்தேன் அருந்தித் திரிய, இதுவோ ஓஹியா மரக்கிளைகளில் ஒட்டி ஊர்ந்து, பட்டைக்கும் பாசிக்கும் இடையே ஒளிந்திருக்கும் புழுபூச்சிகளைக் கொத்தித் தின்னும்.

1887இல் ஸ்டெய்னெகர் என்னும் விஞ்ஞானி இதனை வருணித்தபோது அத்தீவில் இது சாதாரணப் பறவையாகவே இருந்தது. ஆனால் அதன் சத்துரு அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஹவாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. 1826இல் மௌயித் தீவின் லஹைனாத் துறையில் நங்கூரமிட்ட வெலிங்டன் என்ற கப்பலின் மாலுமிகள், பழைய தண்ணீர்ப் பீப்பாய்களை ஓடையில் கழுவிக் கொட்ட, அதுவரை கொசுவே அறியாத தீவுகளில் கொசு குடியேறியதென்பர். கும்பகோணத்தில் யானைக்கால் நோயைப் பரப்பிப் பேர்பெற்ற அதே கொசுதான் அது. பின்னர் அயல்நாட்டுப் பறவைகளோடு வந்த பறவை மலேரியாவை இக்கொசு காடெங்கும் கொண்டு சென்றது. எதிர்ப்புச் சக்தி சிறிதுமில்லாத தேன்குருவிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஈஈவி என்னும் செங்குருவியைப் பரிசோதித்ததில், நோயேந்திய கொசுவின் ஒரே கடிக்குப் பத்தில் ஒன்பது இறந்தன. இன்று அக்குடும்பத்தில் எஞ்சியவை ஏறத்தாழப் பதினேழு இனங்களே.

குளிர்ந்த உயரங்களில் மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர இயலாது. வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே சென்றால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். ஆதலால் பறவைகள் மலையேறிப் பிழைத்தன. ஹவாய்ப் பெருந்தீவின் சிகரம் 4,200 மீட்டரைக் கடந்து உயர்ந்திருக்க, கவாயின் உச்சியோ 1,600 மீட்டரை எட்டாதது. அங்குள்ள அலாக்காய்ப் பீடபூமியே அக்கிக்கிக்கியின் கடைசிக் கோட்டை. வெப்பம் ஏற ஏறக் கொசுவும் அங்கே ஏறிவந்தபோது, அதற்கு மேல் ஏறுவதற்கு மலையே இல்லை. என் கருத்தில் இதன் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கும். 1982, 1992ஆம் ஆண்டுகளின் பெரும்புயல்களும், முட்டை தின்னும் எலிகளும், கொசுப் பெருகும் குட்டைகளைத் தோண்டிவிடும் காட்டுப்பன்றிகளும் உபகாரணங்களே. 1970ஐ ஒட்டி 6,800 என மதிப்பிடப்பட்ட தொகை, 2012இல் 500க்கும், 2021இல் 45க்கும் தாழ்ந்தது. 2023இல் காட்டில் ஐந்தே எஞ்சின.

காப்பகத்தில் வளர்ப்பதற்காக, 2015 முதல் ஆராய்ச்சியாளர் இதன் கூடுகளிலிருந்து முட்டை சேகரிக்கலாயினர். கூடுகள் மெல்லிய நுனிக்கிளைகளில் இருப்பதால், நாற்பதடி ஏணியை மரத்தில் சாய்க்காமல் சுற்றிலும் கயிறு கட்டி நிமிர்த்தி, ஒருவர் அதன் உச்சிவரை ஏறி முட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்து இறங்குவார். ஹெலிகாப்டர் அதனைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுசெல்லும். அவ்விதம் வளர்ந்த பறவைகளிற் சில இருந்த மௌயிக் காப்பகத்தை 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியபோது, ஊழியர் தோட்டக் குழாய் முதலியவற்றைக் கொண்டு அதைத் தடுத்து நின்றனர். அவ்வாண்டின் இறுதியில், பெண்கொசுக்களின் முட்டை பொரியாதபடி செய்யும் வொல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய ஆண்கொசுக்களை மௌயிக் காடுகளில் விடத் தொடங்கினர். அம்முயற்சி பலித்துக் கொசு அடங்கிய காடு கிடைக்கும்வரை, காப்பகத்திலுள்ள அக்கிக்கிக்கிகளை மீண்டும் அலாக்காயில் விடுவதற்கு வழியில்லை.