446 பைட்டுக்குள் ஒரு பிழைச்செய்தி

கணினியில் ஓ.எஸ். போடும்போது பாதியில் நின்று பிழை காட்டினால், முதல் சந்தேகம் சி.டி.யின் மேல் விழும். அடுத்தது போடுகிறவரின் மேல். இரண்டுக்கும் இடமுண்டுதான். ஆனால் ஐ.பி.எம். வகைக் கணினிகளின் நாற்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பெயர்பெற்ற நிறுவல் பிழைகள் பலவற்றுக்கும் இவ்விரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். கணினியை எழுப்பும் பயாஸை எழுதியவர் ஒருவர், வன்தட்டைச் செய்தவர் இன்னொருவர், இயங்குதளத்தை எழுதியவர் மூன்றாமவர். மூவரும் வேலை செய்ததும் வேறு வேறு ஆண்டுகளில். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஓட்டம் மாறும் இடத்தில், முன்னவர் செய்துவைத்த ஏற்பாடு பின்னவருக்குப் போதாமல் போகிறது; திரை அங்கேதான் நிற்கிறது. அப்போது வரும் செய்தியிலிருந்து காரணத்தை அறிவது அரிது. எந்தக் கைமாற்றத்தில் நின்றது என்பதை வேண்டுமானால் ஊகிக்கலாம். ஓ.எஸ். சரிசெய்பவர்களின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அந்த ஊகத்தில்தான் வளர்ந்தது.

1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி. செய்த ஏற்பாடு எளிமையானது. பயாஸ் வட்டின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றி அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். 1983இல் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. வந்தபோது, அந்த 512 பைட்டுக்குள்ளேயே (எம்.பி.ஆர். என்று பெயர்) பார்ட்டிஷன் பட்டியலுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டியலுக்கு 64 பைட், முத்திரைக்கு 2 பைட் போக, நிரலுக்கு மிஞ்சியது 446. பட்டியலைப் படித்து, எந்தப் பார்ட்டிஷனிலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்து, அதன் முதல் செக்டாரை ஏற்றி, தவறினால் செய்தியும் காட்ட வேண்டும். எல்லாம் இந்த 446க்குள். ‘மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்ற மூன்று சொல்லோடு அது நின்றுவிட்டதற்கு எழுதியவரின் கஞ்சத்தனத்தைக் குறைசொல்ல முடியாது. அதே பட்டியலில் செக்டார் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே ஒதுக்கியதால், கால் நூற்றாண்டு கழித்து 2.2 லட்சம் கோடி பைட்டைத் தாண்டிய வட்டுகள் வந்தபோது மிச்சத்தை எட்டவே முடியவில்லை. 10 மெகாபைட் காலத்தில் அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இந்த இடநெருக்கடியை மிக அழகாகக் கையாண்டது லினக்ஸின் பழைய பூட் லோடரான லிலோ. வாக்கியம் எழுத இடமில்லை என்பதால், தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொரு படி முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரையில் போட்டது. ‘எல்’ மட்டும் வந்து, பக்கத்தில் ஈரிலக்க எண் ஓடினால், முதல் கட்டம் எழுந்துவிட்டது, இரண்டாம் கட்டத்தை வட்டிலிருந்து படிக்க முடியவில்லை என்று பொருள். ‘எல் ஐ’ என்று நின்றால் இரண்டாம் கட்டம் ஏறிவிட்டது, ஆனால் ஓடவில்லை. பெரும்பாலும் வட்டின் அமைப்பைப் பற்றி பயாஸ் ஒன்று நினைக்க, லினக்ஸ் வேறொன்று நினைத்திருக்கும். நான்கு எழுத்தும் வந்துவிட்டால் லோடர் முழுதாக ஏறிவிட்டது. கோளாறு நடந்த இடத்தை இத்தனை நேர்மையாகச் சொன்ன செய்தி அதன்பின் அதிகம் வரவில்லை என்பேன். விண்டோஸ் என்.டி. குடும்பத்தின் ‘என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்’ அதற்கு நேர்மாறு. வன்தட்டில் அந்தக் கோப்பு பத்திரமாக இருக்கும்போதும், என்.டி.யில் ஃபார்மட் செய்த வெற்று ஃப்ளாப்பி ஒன்று டிரைவில் மறந்து கிடந்தால் அதே செய்தி வரும். எந்த வட்டில் இல்லை என்று அது சொல்லவில்லை. வன்தட்டே போய்விட்டது என்று பலர் நம்பினார்கள்.

நிறுவும் ஊடகத்தின் கதையில் இதே பிணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு, அதன்பின் பிறந்த சாட்டா வட்டுகளின் ஏ.எச்.சி.ஐ. முறை தெரியாது. நிறுவல் தொடங்கும்போது எஃப்6 அழுத்தி டிரைவர் கொடுக்கச் சொல்லும், கொடுப்பதோ ஃப்ளாப்பியில். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினிகள் கடைக்கு வந்த காலம் அது. விளைவு, 7பி என்று முடியும் நீலத்திரை. பயாஸில் நுழைந்து வட்டை ஐ.டி.இ. முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்பதைத் தெரிந்துவைத்திருந்தவருக்கு அன்று தனி மரியாதை. 2009இல் வந்த விண்டோஸ் 7இன் கதை இன்னும் விசித்திரம். யு.எஸ்.பி. 3 டிரைவர் அதில் கிடையாது. 2015இல் இன்டெலின் ஸ்கைலேக் செயலி வரிசை பழைய யு.எஸ்.பி. 2 கட்டுப்படுத்தியைக் கைவிட்டது. பென் டிரைவிலிருந்து முதல் பகுதியைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவது பயாஸின் வேலை. அது ஒழுங்காக நடக்கும். பொறுப்பு விண்டோஸின் கைக்கு மாறிய கணமே, தான் எந்தப் பென் டிரைவிலிருந்து வந்ததோ அது அதன் கண்ணுக்குத் தெரியாது. கீபோர்டும் மவுசும் செத்துவிடும். சி.டி.யே இல்லாத கணினியில் ‘சி.டி. டிரைவர் காணவில்லை’ என்று திரை முறையிடும். 2020இல் இன்டெலின் பதினோராம் தலைமுறைச் செயலி வந்தபோதும் விண்டோஸ் 10 நிறுவியின் முன் வட்டுப் பட்டியல் வெறுமையாக நின்றது. இம்முறை ‘லோடு டிரைவர்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். எஃப்6இன் பேரன்தான் அது.

கீறல் விழுந்த சி.டி., கெட்டுப்போன ரேம், பாதியில் அறுந்த பதிவிறக்கம் இவையெல்லாம் உண்மையான காரணங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்மைதான். நிறுவல் என்பது பல ஆயிரம் கோப்புகளை ஒரே மூச்சில் விரித்து எழுதுகிற வேலை. அன்றாடப் பயன்பாட்டில் வெளிப்படாத ரேம் கோளாறு அங்கே பல்லைக் காட்டும். ஆனால் மூன்று காரணங்களுக்கும் ஒரே ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்ற செய்தி வருவதால், அங்கும் கோளாறின் இடத்தைத் தேடும் வேலை மிஞ்சுகிறது. ஆப்பிள் கணினிகளில் இந்தத் தொல்லை குறைவுதானே என்பது அடுத்த கேள்வி. அது என் வாதத்துக்கே சாட்சி. வன்பொருளும் மென்பொருளும் ஒரே கையில் இருந்தால் கைமாற்றம் குறையும். 2011இல் இணையத்திலிருந்தே இயங்குதளத்தை மீட்டெடுக்கும் வசதியை அந்த நிறுவனம் கொடுக்க முடிந்தது அதனால்தான். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: பிற்காலத்தில் டி2 சிப் வைத்த மேக்கின் ஃபர்ம்வேர் கெட்டால், அதை எழுப்ப இன்னொரு மேக் வேண்டும்.

கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. பயாஸின் இடத்துக்கு யு.இ.எஃப்.ஐ.யும், பழைய பட்டியலின் இடத்துக்கு ஜி.பி.டி.யும் வந்தபிறகு 446 பைட் நெருக்கடி தீர்ந்துவிட்டது. மெகாபைட் கணக்கில் இடம் இருக்கிறது. பிறகும் ஏன் செய்திகள் தெளியவில்லை? ‘இந்த வட்டில் எம்.பி.ஆர். பட்டியல் உள்ளது, ஜி.பி.டி. வட்டில்தான் நிறுவ முடியும்’ என்ற செய்தி காரணத்தைச் சொல்லிவிடுகிறது, பாராட்டலாம். ஆனால் பழைய பயாஸ் முறையையும் ஏற்கும் கணினிகளில், நிறுவும் பென் டிரைவ் பூட் மெனுவில் பெரும்பாலும் இருமுறை தெரியும், ஒன்று யு.இ.எஃப்.ஐ. என்ற முன்னொட்டோடு, மற்றது இல்லாமல். முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்திருந்தால் அதே வட்டு ஏற்கப்பட்டிருக்கும் என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. அவசரப்பட்டு வட்டையே துடைத்துப் படங்களை இழந்தவர்கள் உண்டு. 2012இல் விண்டோஸ் 8இன் நீலத்திரையில் சோகமுகம் வந்தது, 2016இல் கியூ.ஆர். குறியீடு வந்தது. பழைய திரையிலிருந்த எண்களின் வரிசை போய்விட்டது. பணிவு கூடியது, தகவல் குறைந்தது. இங்கே குற்றம் இடநெருக்கடியின் மேல் இல்லை, பழக்கத்தின் மேல்தான்.

கோளாறு நடந்த இடத்தைக் கண்டுபிடிக்க நேரமில்லாத ஊரில் ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்பதே மலிவான வைத்தியமானது. கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போகப்படும் கணினிகளில் வன்தட்டை சி, டி, இ என்று கூறுபோட்டு, படத்தையும் பாட்டையும் டி-யில் வைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். சி-யை எப்போது வேண்டுமானாலும் அழிக்க நேரும் என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். நியூசிலாந்தில் பிறந்து 1998இல் சிமான்டெக் வாங்கிய கோஸ்ட் மென்பொருள், வட்டை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது. அந்த நகலை வேறு மதர்போர்டில் இறக்கினால் மறுபடியும் அதே 7பி. 2000களில் கணினி நிறுவனங்கள் சி.டி. தருவதைக் குறைத்து, மீட்புப் பார்ட்டிஷனை அதே வன்தட்டுக்குள் வைத்தன. வட்டு போனால் மருந்தும் சேர்ந்து போகும்.

2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. செய்ய வேண்டியது ஒரே ஒரு கோப்பை நீக்குவதுதான். ஆனால் பல கணினிகளின் முன்னும் ஒருவர் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி நீக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு போட்ட வட்டுகளுக்கு 48 இலக்கத் திறவுகோலும் வேண்டும். அந்தத் திறவுகோல்கள் சேமித்திருந்த சர்வரும் சில இடங்களில் அதே நீலத்திரையில் நின்றது. அவ்வாண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட், எழ முடியாத கணினி தானே இணையத்தில் போய்த் தீர்வை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அறிவித்தது. அதற்கு மீட்புச் சூழலுக்குள் நெட்வொர்க் டிரைவர் இருக்க வேண்டும்.