ஹெபடைடிஸ் பி வைரஸும் கல்லீரல் புற்றுநோயும்: தைவான் ஆய்வுகள்

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்பட்டது தைவானில். இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியில் கண்டறிந்தவர் அமெரிக்க மருத்துவர் பரூக் புளூம்பெர்க். 1976இல் நோபல் பரிசு பெற்றார். கல்லீரல் புற்றுநோயாளிகள் பலரது குருதியிலும் அதே புரதம் தென்பட்டது. ஆனால் புற்றுக்குக் காரணமே வைரஸ்தானா, நலிந்த கல்லீரலில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்று சொல்ல முடியவில்லை.

விடை வேண்டுமானால், நோய் வருமுன்பே குருதியைச் சோதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொற்றுநோயியலாளர் பால்மர் பீஸ்லியின் குழு அதைத்தான் செய்தது. தைவானில் அரசு ஊழியர்களைக் கொண்டு தொடங்கிய அந்த ஆய்வில் 22,707 ஆண்கள் இருந்தனர். வைரஸைச் சுமந்தவர்கள் 3,454 பேர் மட்டுமே. முடிவு 1981இல் 'லான்செட்' இதழில் வெளியானது. கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர் வைரஸ் சுமந்தவர்கள். ஆபத்து 223 மடங்கு. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்று வரும் ஆபத்துகூட இதன் அருகில் வராது.

இந்த வைரஸ் கல்லீரல் செல்களை நேரடியாகக் கொல்வதில்லை. அதை விரட்ட முயலும் நோய் எதிர்ப்பாற்றலே செல்களை அழிக்கிறது. பல பத்தாண்டுகள் செல்கள் அழிந்து, மீண்டும் பெருகும்போது மரபணுப் பிழைகள் சேர்கின்றன. தழும்பேறிக் கல்லீரல் இறுகுவதே சிரோசிஸ். மேலும், பி வைரஸின் டி.என்.ஏ. மனித டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். அதனால் சிரோசிஸ் இல்லாமலும் புற்று தோன்றலாம். ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ. வைரஸ், அது அவ்வாறு செருகிக்கொள்வதில்லை. அதனால் வரும் புற்று பெரும்பாலும் சிரோசிஸ் வழியே வருகிறது.

தொற்றும் வயது முக்கியம். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களுக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவே. எனவே தைவான் 1984இல், வைரஸ் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 1986 முதல் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் போடப்பட்டது. 6 முதல் 14 வயதுவரையுள்ள சிறுவரிடையே லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்றுநோய், 1990–94இல் 0.36 ஆகக் குறைந்ததாகச் சாங் மெய்-ஹுவெய் குழு 1997இல் அறிவித்தது. புற்றுநோய் ஒன்றைத் தடுத்த முதல் தடுப்பூசி இதுவே. பீஸ்லியின் முடிவுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

தொற்று நிலைத்துவிட்டவருக்குத் தடுப்பூசி உதவாது. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கி ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்குவது அரிது. அதனால் ஆபத்து மிகுந்தவர்களுக்கு, மருந்து எடுத்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது.